மூச்சுக்காற்றுச் சோதனையும் நுரையீரல் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குழாயில் ஊதினால் நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்கிறார்களே, அப்படி ஒரு சோதனை வந்துவிட்டதா?

ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவ ஆய்வுகளிலும் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் மருத்துவர் சீட்டில் எழுதிக்கொடுக்க, நோயாளி போய்ச் செய்துகொள்ள, அதன் முடிவை நம்பி அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கக்கூடிய சோதனையாக அது இன்னும் உருவாகவில்லை. இன்றைய நிலையில், அறிகுறி எதுவும் இல்லாதவரிடம் நுரையீரல் புற்றுநோயைத் தேடிப் பார்ப்பதற்கு, உயிரிழப்பைக் குறைக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்ட ஒரே வழி குறைந்த கதிர்வீச்சு அளவில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன்தான்.

இதைச் சொல்வதால் மூச்சுச் சோதனை வெறும் விளம்பரம் என்று பொருளாகாது. அதன் அடிப்படை அறிவியல் உறுதியானது. தடை எங்கே இருக்கிறது என்பதுதான் செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. கீழே உள்ள விடைகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவையே.

நாம் வெளிவிடும் காற்றில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன், 16 விழுக்காடு ஆக்சிஜன், 4 முதல் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஆர்கான், அவற்றோடு நீராவி. மருத்துவருக்குப் பயன்படக்கூடிய தகவல் இவற்றில் அதிகம் இல்லை. மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் நூற்றுக்கணக்கான ஆவியாகும் கரிமச் சேர்மங்களில்தான் அது இருக்கிறது. அசிட்டோன், ஐசோப்ரீன், பென்டேன், ஹெக்சனால் போன்றவை அவற்றுள் சில. 1971-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் தம் குழுவினருடன் சேர்ந்து, மனித மூச்சை உறையவைத்துப் பிரித்துப் பார்த்தபோது சுமார் 250 வேறுவேறு பொருள்கள் அதில் இருப்பதைக் கண்டார். இத்துறையின் நவீன வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தச் சேர்மங்கள் மூச்சுக்குள் வரும் வழி எளிமையானது. ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தத்தை நுரையீரல் வழியாக அனுப்புகிறது. அதாவது உடலின் மொத்த இரத்தமும் நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே போய்வருகிறது. காற்றுச் சிற்றறைகளின் சுவர் ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியது. இரத்தத்தில் கரைந்துள்ள எளிதில் ஆவியாகும் பொருள்கள் அந்தச் சுவரைக் கடந்து காற்றில் கலந்துவிடுகின்றன. ஆகவே மூச்சு நுரையீரலைப் பற்றி மட்டுமல்லாமல் கல்லீரல், குடல், தசை ஆகியவற்றைப் பற்றியும் சேர்த்தே செய்தி சொல்கிறது. இது இச்சோதனையின் வலிமை, சிக்கலும் இதுவே.

புற்றுநோய்க் கட்டி மூச்சை ஏன் மாற்ற வேண்டும்?

இதற்கு மூன்று விதமான விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, கட்டி வளரும் இடத்தில் ஆக்சிஜன் சார்ந்த வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள் பெருகி, செல் சவ்வுகளில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கின்றன. அந்தச் சிதைவில் பென்டேன், ஈத்தேன் போன்ற ஆல்கேன்களும் ஹெக்சனால், ஹெப்டனால் போன்ற ஆல்டிஹைடுகளும் உண்டாகின்றன. இரண்டாவது, சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பத்தின் செயல்பாடு மாறுவதால், வழக்கமாக உடல் சிதைத்து வெளியேற்றும் சேர்மங்களின் அளவு கூடவோ குறையவோ செய்கிறது. மூன்றாவது, புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் குளுக்கோஸை நொதித்தல் வழியில் அதிகமாகப் பயன்படுத்துவதால் அவற்றின் வளர்சிதை மாற்றமே வேறாக இருக்கிறது.

மூன்றும் ஏற்கத்தக்க விளக்கங்களே. ஆனால் முதலாவது விளக்கத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கொழுப்பு அமிலங்களின் அத்தகைய சிதைவு புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. புகைப்பழக்கம், நிமோனியா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என எந்த அழற்சியிலும் அது நடக்கும். நுரையீரல் புற்றுநோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இவற்றில் ஒன்றோ இரண்டோ ஏற்கெனவே இருக்கும்.

போக்குவரத்துக் காவலர் வைத்திருக்கும் கருவி ஒரு நொடியில் மதுவைக் கண்டுபிடிக்கிறதே. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு சிரமம்?

அளவுதான் முதல் காரணம். இந்தியாவில் வாகன ஓட்டுநருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் மது. அந்த வரம்பில் இருப்பவரின் மூச்சில் எத்தனால் பத்து லட்சத்தில் 75 பங்கு அளவுக்கு இருக்கும். நுரையீரல் புற்றுநோய் ஆய்வில் தேடப்படும் சேர்மங்களோ பெரும்பாலும் நூறு கோடியில் சில பங்கு, சில சமயம் லட்சம் கோடியில் சில பங்கு என்ற அளவில் இருப்பவை. ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. காவலரின் கருவிக்கு எதைத் தேடுகிறோம் என்பது தெரியும். அது ஒரே மூலக்கூறு. அது வாயால் குடித்ததிலிருந்து வந்தது என்பதும் தெரியும். நுரையீரல் புற்றுநோய்க்கு அப்படி ஒற்றை மூலக்கூறு எதுவும் இதுவரை நிலைநாட்டப்படவில்லை. பல சேர்மங்களின் அளவுகள் சேர்ந்து உருவாக்கும் ஒரு கோலத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

மாதிரியை எப்படி எடுக்கிறார்கள்? எப்படிப் பகுக்கிறார்கள்?

ஊதத் தொடங்கியதும் முதலில் வருவது வாய், தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றில் தங்கியிருந்த காற்று; அதில் இரத்தத்தின் செய்தி மிகக் குறைவு. ஆகவே மூச்சின் பிற்பகுதியை மட்டும் பிடிப்பதற்காகக் கார்பன் டை ஆக்சைடு அளவையோ அழுத்தத்தையோ கண்காணித்துத் திறந்து மூடும் முகக்கவசங்கள் பயன்படுத்தப்படுகின்றன. நோயாளி சில நிமிடங்கள் இயல்பாக மூச்சுவிட்டால் போதும். காற்று ஒரு பாலிமர்ப் பையிலோ, சேர்மங்களை உறிஞ்சிவைத்துக்கொள்ளும் துகள்கள் நிரப்பிய சிறு உலோகக் குழாயிலோ சேர்கிறது. குழாய் முறை மேலானது என்பது என் கருத்து. பையின் சுவரிலிருந்தே சில சேர்மங்கள் கசிந்து மாதிரியில் கலப்பதுண்டு, சில மாதிரியிலிருந்து வெளியேறுவதும் உண்டு.

பிறகு அந்தக் குழாயைச் சூடேற்றி, வெளிவரும் ஆவியைக் கேஸ் குரோமட்டோகிராபி மூலம் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மூலம் ஒவ்வொன்றும் எந்தச் சேர்மம், எவ்வளவு என்று அடையாளம் காண்கிறார்கள். இத்துறையில் உரைகல்லாகக் கருதப்படுவது இம்முறையே. ஆனால் இதற்குப் பெரிய கருவியும், பயிற்சி பெற்றவரும், ஒரு மாதிரிக்குக் கணிசமான நேரமும் வேண்டும். காற்றை நேராக உள்வாங்கி உடனுக்குடன் அளக்கும் கருவிகளும் உள்ளன. அவை வேகமானவை, ஆனால் ஒரே நிறை கொண்ட இரண்டு சேர்மங்களைப் பிரித்தறிவதில் தடுமாறுகின்றன.

மூச்சைக் குளிர்வித்துத் துளியாக்கி, அதில் உள்ள புரதங்களையும் டி.என்.ஏ. துணுக்குகளையும் தேடுவது இன்னொரு கிளை. பெயரில் அதுவும் மூச்சுச் சோதனைதான் என்றாலும் கேள்விகளும் கருவிகளும் வேறு என்பதால் இங்கே அதைத் தொடரவில்லை.

மின்னணு மூக்கு என்பது என்ன?

எந்தச் சேர்மம் என்று அடையாளம் காண முயலாமல், பல உணரிகளின் எதிர்வினைகளைச் சேர்த்து ஒரு கைரேகை போலப் பதிந்துகொண்டு, அது எந்த நோயாளிக் கூட்டத்தின் கைரேகையை ஒத்திருக்கிறது என்று கணினியைக் கொண்டு தீர்மானிக்கும் கருவி. 2009-இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த ஹொசாம் ஹைக்கின் குழு, தங்க நானோ துகள்களால் ஆன உணரிகளைக் கொண்டு நுரையீரல் புற்றுநோயாளிகளின் மூச்சை மற்றவர்களின் மூச்சிலிருந்து பிரித்துக் காட்டியது. அதன் பிறகுதான் இந்தச் சொல் செய்தித்தாள்களுக்குள் பரவலாக நுழைந்தது.

மலிவு, வேகம், எளிமை ஆகியவை இதன் நிறைகள். குறை என்னவென்றால், கருவி ஆம் என்று சொல்லும்போது எதைப் பார்த்து அப்படிச் சொன்னது என்று நமக்குத் தெரியாது. உணரிகள் ஈரப்பதத்துக்கும் வெப்பநிலைக்கும் எதிர்வினை காட்டும். காலப்போக்கில் அவற்றின் அளவீடும் நகரும். ஒரு மருத்துவமனையில் பழக்கிய கருவியை இன்னொரு மருத்துவமனையில் வைத்தால் அதே முடிவைத் தருமா என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும்.

நாய்கள் மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுகின்றன என்பது உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. 2006-இல் கலிபோர்னியாவில் ஐந்து நாய்களைப் பழக்கி நடத்திய ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் மாதிரிகளை அவை ஏறக்குறைய 99 விழுக்காடு சரியாகக் கண்டன. 2012-இல் ஜெர்மனியில் 220 தன்னார்வலர்களின் மாதிரிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் முடிவு கொஞ்சம் அடக்கமாக வந்தது: புற்றுநோய் மாதிரிகள் 100-இல் 71-ஐயும், புற்றுநோய் இல்லாத மாதிரிகள் 400-இல் 372-ஐயும் நாய்கள் சரியாகச் சொன்னன. இரண்டாவது ஆய்வில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பிடப்படுபவர் யார் என்பது கடினமாக ஆக, எண்கள் இறங்குகின்றன.

நாய்கள் தரும் உண்மையான பயன், மூச்சில் ஏதோ ஒரு வேறுபாடு இருக்கிறது என்பதற்கான சான்று. அது என்ன என்பதை அவற்றிடம் கேட்க முடியாது. களைப்பு, பழக்குநரின் அறியாத சைகை, நாளுக்கு நாள் மாறும் மனநிலை ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவத் திட்டத்தை நடத்தவும் முடியாது.

90 விழுக்காடு துல்லியம் என்று படித்தேன். அது போதாதா?

அந்த ஒற்றை எண்ணை யார் சொன்னாலும், யாரிடம் சோதித்து வந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஒரு சோதனைக்கு இரண்டு தனித்தனி அளவுகள் உண்டு. நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை அது பிடிக்கிறது என்பது ஒன்று. அதை உணர்திறன் என்பார்கள். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரை இல்லை என்று சரியாக விட்டுவிடுகிறது என்பது மற்றொன்று. அது தனித்திறன் எனப்படும். பல்வேறு புற்றுநோய்களுக்கான மூச்சுச் சோதனை ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், சராசரி உணர்திறன் 79 விழுக்காடும் தனித்திறன் 89 விழுக்காடும் இருந்தன. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இந்த எண்களை எடுத்துக்கொண்டு மூன்று சூழல்களில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

நீண்ட காலம் புகைபிடித்த, அறிகுறியற்ற ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். இத்தகையவர்களில் முதல்முறை தேடும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும் என்பது சி.டி. ஆய்வுகளில் கண்ட அளவு. ஆக ஆயிரத்தில் பத்துப் பேருக்கு நோய். சோதனை எட்டுப் பேரைப் பிடிக்கும். மீதமுள்ள 990 பேரில் 11 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 109 பேரை, நோய் இருப்பதாகத் தவறாகச் சொல்லும். மொத்தம் 117 பேரிடம் நேர்மறை முடிவு. அவர்களில் உண்மையில் நோயுள்ளவர் எட்டுப் பேர் மட்டுமே. நேர்மறை என்ற சீட்டைக் கையில் வாங்கியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் புற்றுநோய்.

அதே சோதனையைப் பொதுமக்கள் கூடும் மருத்துவ முகாமில், ஆயிரத்துக்கு ஒருவருக்கு மட்டுமே நோய் இருக்கக்கூடிய இடத்தில் நடத்தினால், நேர்மறை வந்தவர்களில் நோயுள்ளவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் அனைவரும் அடுத்த ஸ்கேன் வரும்வரை தூக்கமின்றி இருப்பார்கள். சிலர் தேவையில்லாமல் ஊசி வழித் திசுச் சோதனைக்கும் உட்பட நேரிடும். நுரையீரலில் ஊசி செலுத்துவது சிறு காரியமன்று. காற்று கசிந்து நுரையீரல் சுருங்குவது அதில் அறியப்பட்ட பக்கவிளைவு.

மூன்றாவது சூழல், சி.டி. ஸ்கேனில் ஏற்கெனவே ஒரு கணு, அதாவது நுரையீரலில் சிறு முடிச்சு போன்ற புள்ளி, தெரிந்து, நூற்றுக்கு முப்பது பேருக்குப் புற்றுநோய் இருக்கலாம் என்று கருதப்படும் நோயாளிகள். இங்கே அதே சோதனை நேர்மறை என்று சொன்னால் நான்கில் மூன்று முறை அது சரியாக இருக்கும். ஆனால் எதிர்மறை என்று சொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேருக்கு நோய் இருந்திருக்கும். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட எந்த மருத்துவரும் துணியமாட்டார்.

கருவி மாறவில்லை, அதன் திறனும் மாறவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் மாறியதால் முடிவின் பொருளே மாறிவிட்டது. 90 விழுக்காடு என்று தலைப்பிடும் செய்திகள் இந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவதால்தான் வாசகர்கள் ஏமாறுகிறார்கள்.

வேறுவேறு ஆய்வுகள் வேறுவேறு சேர்மங்களின் பட்டியலைத் தருவது ஏன்?

இத்துறையை உள்ளிருந்து வாட்டும் கேள்வி இது. 1985-இலேயே நுரையீரல் புற்றுநோயாளிகளின் மூச்சில் வேறுபாடு காட்டும் சேர்மங்கள் பற்றிய கட்டுரை வெளிவந்தது. 1999-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஃபிலிப்ஸும் உடனாய்வாளர்களும், மார்பு எக்ஸ்ரேயில் மாற்றம் தென்பட்ட 108 பேரின் மூச்சை ஆராய்ந்து, 22 சேர்மங்களின் சேர்க்கை புற்றுநோய் உள்ளவர்களைப் பிரித்துக் காட்டுவதாக அறிவித்தார்கள். முதல் நிலைப் புற்றுநோயில் உணர்திறன் 100 விழுக்காடாகவே வந்தது. ஆனால் அதே தரவைக் குறுக்குச் சரிபார்ப்புக்கு (ஒரு பகுதியைக் கொண்டு விதியை உருவாக்கி, மீதியில் அதைச் சோதிப்பது) உட்படுத்தியபோது, புற்றுநோய் உள்ளவர்களில் 71.7 விழுக்காட்டினரையும் இல்லாதவர்களில் 66.7 விழுக்காட்டினரையும் மட்டுமே சரியாகச் சொல்ல முடிந்தது. அதன் பின் வந்த ஆய்வுகள் ஆளுக்கொரு பட்டியலைத் தந்தன. அவற்றில் பொதுவாக வருபவை சிலவே.

முதல் காரணம் புள்ளியியல் சார்ந்தது. ஒவ்வொரு மூச்சிலும் நூற்றுக்கணக்கான சேர்மங்களை அளக்கிறோம். நோயாளிகளோ பல ஆய்வுகளில் நூறு பேர்கூட இல்லை. இவ்வளவு அளவீடுகளில் தேடினால், நோயோடு தொடர்பே இல்லாத ஒரு சில, தற்செயலாகவே இரு கூட்டங்களையும் அழகாகப் பிரித்துவிடும். அந்தத் தற்செயலை அடுத்த ஆய்வில் மீண்டும் காண முடியாது. ஆகவே, முற்றிலும் புதிய நோயாளிகளிடம், முடிந்தால் வேறொரு ஊரில், முன்கூட்டியே நிலைநிறுத்திய விதியைக் கொண்டு சோதிக்காத எந்தப் பட்டியலையும் முன்மொழிவாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் அறையின் காற்று. நாம் வெளிவிடுவதில் பெரும்பகுதி சற்று முன் உள்ளிழுத்ததுதான். மருத்துவமனையில் கை துடைக்கும் சானிடைசரில் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், தரை துடைக்கும் மருந்து, புதிதாக அடித்த பெயின்ட், வெளியே நிற்கும் வாகனங்களின் பென்சீன் ஆகிய அனைத்தும் மூச்சு மாதிரியில் தோன்றும். புற்றுநோயாளிகளின் மாதிரியை மருத்துவமனை வார்டிலும், ஆரோக்கியமானவர்களின் மாதிரியைக் கல்லூரி ஆய்வகத்திலும் எடுத்தால், கணினி பிரித்துக் காட்டுவது புற்றுநோயையா, கட்டடத்தையா?

மூன்றாவது, சோதிக்கப்படுபவரின் வாழ்க்கை. புகைபிடிப்பவரின் மூச்சில் அசிட்டோநைட்ரைலும் பென்சீனும் கூடுதலாக இருக்கும். அசிட்டோநைட்ரைல் புகையை நிறுத்திய பின்னும் சில நாள்கள் தங்கும். பட்டினி கிடந்தால் அசிட்டோன் ஏறும். மாடிப்படி ஏறிவந்தால் ஐசோப்ரீன் அளவு சட்டென்று மாறும். பூண்டு தின்றவரின் மூச்சில் கந்தகச் சேர்மமும், ஆரஞ்சு தின்றவரின் மூச்சில் லிமோனீனும் வரும். நோயாளிகள் வயதானவர்களாகவும் புகைத்தவர்களாகவும், ஒப்பிடப்படுபவர்கள் இளம் மாணவர்களாகவும் இருந்த பழைய ஆய்வுகள், நோயைவிட வயதையும் பழக்கத்தையுமே அளந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஐரோப்பியச் சுவாச மருத்துவச் சங்கம் 2017-இல் மூச்சு மாதிரி சேகரிப்புக்கான தொழில்நுட்ப நெறிமுறைகளை வெளியிட்டது இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான்.

மருத்துவமனைகளில் ஏற்கெனவே பயன்படும் மூச்சுச் சோதனைகள் எவையும் இல்லையா?

உண்டு. வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டறிய, கார்பன்-13 என்ற கதிரியக்கமற்ற கார்பன் வகையைக் கொண்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்துப் பிறகு ஊதச் சொல்வார்கள். கிருமியின் யூரியேஸ் நொதி அதைச் சிதைத்தால் அடையாளமிட்ட கார்பன் டை ஆக்சைடு மூச்சில் வரும். ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்குழல் அழற்சியை அறிய நைட்ரிக் ஆக்சைடை அளக்கிறார்கள். பெரியவர்களிடம் நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு, 50-க்கு மேல் இருந்தால் அதிகம் என்பது வழக்கத்தில் உள்ள வரம்பு. குடலில் லாக்டோஸ் செரிக்கவில்லையா என்பதை ஹைட்ரஜன் அளவைக் கொண்டு காண்கிறார்கள்.

இவற்றுள் ஒரு பொதுத்தன்மை இருப்பதைப் பார்க்கலாம். தேடும் மூலக்கூறு ஒன்றே. அது உடலில் எங்கே, எந்த நொதியால், ஏன் உண்டாகிறது என்பது முன்பே தெரியும். மருத்துவத்தில் வேரூன்றிய மூச்சுச் சோதனைகள் காரணத்திலிருந்து கிளம்பி மூச்சுக்கு வந்தவை. நுரையீரல் புற்றுநோய் ஆய்வுகளில் பெரும்பாலானவை எதிர்த் திசையில், மூச்சிலிருந்து கிளம்பிக் காரணத்தைத் தேடிப் போகின்றன. அந்தப் பாதை மூடப்பட்டது என்று சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரலில் ஐந்து சேர்மங்களின் சேர்க்கையைக் கொண்டு கொரோனா தொற்றைக் காணும் ஒரு கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவசரகால அனுமதி அளித்தது. ஆனால் கடினமான பாதை அது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் காரணத்திலிருந்து தொடங்கும் முயற்சி நுரையீரல் புற்றுநோய்க்கு நடக்கவில்லையா?

நடக்கிறது, எனக்கு அதிக நம்பிக்கை தருவதும் அதுதான். உடல் தானாக வெளிவிடுவதற்காகக் காத்திராமல், கட்டி மட்டுமே சிதைக்கக்கூடிய ஒரு பொருளை உள்ளே செலுத்தி, சிதைவின் விளைபொருளை மூச்சில் பிடிப்பது இதன் உத்தி. யூரியாச் சோதனையின் அதே தருக்கம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள அவுல்ஸ்டோன் மெடிக்கல் நிறுவனம் பீட்டா-குளுகுரோனிடேஸ் என்னும் நொதியைக் குறிவைத்திருக்கிறது. ஆரோக்கியமான திசுக்களில் இந்த நொதி செல்களுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். பல கட்டிகளில் அது செல்லுக்கு வெளியே கசிந்து கிடக்கும். செல்லுக்குள் நுழைய முடியாத ஒரு பொருளை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினால், வெளியே இருக்கும் நொதி மட்டுமே அதை வெட்டும். வெட்டப்பட்டதும் வெளிவருவது டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜனால் அடையாளமிட்ட எத்தனால். அத்தகைய எத்தனால் உணவிலோ காற்றிலோ ஏறத்தாழ இல்லை என்பதால், முன்பு சொன்ன பூண்டு, பெயின்ட், சானிடைசர் குழப்பங்கள் பெருமளவு விலகிவிடுகின்றன. இது மனிதர்களிடம் சோதனைக் கட்டத்தில் உள்ளது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் சங்கீதா பாட்டியாவின் குழு, நோயோடு தொடர்புடைய நொதிகள் வெட்டினால் ஆவியாகும் பொருளை விடுவிக்கும் நானோ துகள்களை உருவாக்கி, எலிகளின் நுரையீரலில் செலுத்தி, நிமோனியாவை மூச்சின் மூலம் கண்டறிய முடியும் என்று 2020-இல் காட்டியது. இதே குழு 2024-இல் நுரையீரல் புற்றுநோய்க்காக முகர்ந்து உள்ளிழுக்கும் நானோ உணரிகளையும் எலிகளில் சோதித்தது. அதில் விளைபொருளைப் பிடித்த இடம் மூச்சன்று, சிறுநீர்.

இம்முறைகளில் உடலுக்குள் ஒரு பொருள் செலுத்தப்படுவதால், வெறுமனே ஊதும் சோதனையைவிடப் பாதுகாப்பு நிரூபணம் கடுமையாக வேண்டியிருக்கும். அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன்.

தற்போதைக்கு யார் சி.டி. ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும்?

2011-இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வில் 53,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். சாதாரண எக்ஸ்ரேயுடன் ஒப்பிடும்போது குறைந்த கதிர்வீச்சு சி.டி. நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 விழுக்காடு குறைத்தது. 2020-இல் வந்த நெதர்லாந்து–பெல்ஜிய ஆய்வில் ஆண்களிடம் பத்தாண்டுகளில் 24 விழுக்காடு குறைவு காணப்பட்டது. 2021 முதல் அமெரிக்கப் பரிந்துரை இது: 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுகளுக்குச் சமமாகப் புகைத்து, இப்போதும் புகைப்பவர்கள் அல்லது நிறுத்தி 15 ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள் ஆண்டுக்கொருமுறை செய்துகொள்ளலாம். இதன் கதிர்வீச்சு சராசரியாக 1.5 மில்லிசீவர்ட், வழக்கமான மார்பு சி.டி.யில் அது பல மடங்கு.

சி.டி.யும் குறையற்றதன்று. மேற்சொன்ன அமெரிக்க ஆய்வில் சந்தேகத்துக்குரியதாகக் குறிக்கப்பட்ட முடிவுகளில் 96.4 விழுக்காடு கடைசியில் புற்றுநோய் அல்ல என்று தெரிந்தது. மூச்சுச் சோதனைக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்றால், அது இங்கேதான்.

இந்தியாவில் நிலை என்ன?

வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு மட்டுமே அரசின் தேசியப் பரிசோதனைத் திட்டம் உள்ளது, நுரையீரலுக்கு இல்லை. இதற்குப் பணம் மட்டும் காரணமன்று. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆறிய காசநோயின் தழும்பும் கணுவும் சி.டி.யில் புற்றுநோயைப் போலவே தோன்றும். மறுபக்கம், இருமலும் எடைக்குறைவும் சளியில் இரத்தமும் இரு நோய்களுக்கும் பொது என்பதால், புற்றுநோயாளி ஒருவர் காசநோய் என்று கருதப்பட்டு மாதக்கணக்கில் மருந்து தின்ற பிறகே உண்மை தெரியவரும் சோகமும் நடக்கிறது. சளிப் பரிசோதனையில் கிருமி உறுதிப்படாமல் காசநோய் மருந்து தொடங்கப்பட்டு, சில வாரங்களில் முன்னேற்றம் இல்லையென்றால், சி.டி.யும் திசுச் சோதனையும் வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

காசநோயாளிகளின் மூச்சும் மாறுபட்டது. தான்சானியாவில் ராட்சத எலிகளைப் பழக்கிச் சளி மாதிரிகளில் காசநோயை மோப்பம் பிடிக்கவைக்கும் திட்டம் ஒன்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. ஆகவே காசநோய் குறைவாக உள்ள ஐரோப்பிய நகரத்தில் பழக்கிய மூச்சுக் கருவியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், அது காசநோயைப் புற்றுநோய் என்று சொல்லாது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இங்குள்ள நோயாளிகளிடமே அதைச் சோதிக்க வேண்டும்.

புகைப்பழக்கமே இல்லாதவருக்கு மூச்சுச் சோதனை பயன்படுமா?

பயன்பட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. இந்தியாவிலும் கிழக்காசியாவிலும் புகைக்காதவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இந்நோய் கணிசமாகவே காணப்படுகிறது, சி.டி. பரிந்துரைகளோ புகைத்தவர்களை மட்டும் எண்ணி எழுதப்பட்டவை. ஆனால் நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் தவறான நேர்மறைகள் பெருகும் என்ற மேற்கண்ட கணக்கு இவர்களுக்குத்தான் மிகக் கடுமையாகப் பொருந்தும்.

முதலில் எந்தப் பயன்பாட்டில் இது நடைமுறைக்கு வரக்கூடும்?

ஸ்கேனில் கண்ட கணுவைக் காத்திருந்து பார்ப்பதா, உடனே ஊசி செலுத்துவதா என்ற முடிவுக்குத் துணையாக வரலாம். அதற்கும் முன்பே, சிகிச்சைத் தேர்வில் வரலாம் என்பது என் ஊகம். நெதர்லாந்தில் மின்னணு மூக்கைக் கொண்டு நடந்த ஆய்வொன்று, நோயெதிர்ப்பு மருந்து எந்த நோயாளிக்கு வேலை செய்யும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே ஓரளவு நன்றாகக் கணிக்க முடிந்ததாக 2019-இல் அறிவித்தது. இங்கே நோய் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. நோய் உறுதியான பிறகு எழும் கேள்வி. அதனால் தவறான நேர்மறைகளின் வெள்ளமும் இல்லை.

வாய்நாற்றம் நுரையீரல் புற்றுநோயின் அறிகுறியா?

இல்லை. பெரும்பாலும் ஈறு, பல், நாக்கு சார்ந்தது. பல் மருத்துவரைப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, குரல் கம்மல், தொடர்ந்த மார்புவலி ஆகியவை இருந்தால் எந்த மூச்சுச் சோதனைக்காகவும் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மூச்சுச் சோதனை ஆய்வில் பங்கேற்கச் சொல்லி மருத்துவமனையில் கேட்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

தாராளமாக. மாதிரி எடுப்பதில் வலியோ கதிர்வீச்சோ இல்லை. வழக்கமாக முந்தைய சில மணிநேரம் உண்ணாமலும் புகைக்காமலும் இருக்கவும், வாசனைப் பொருள்களைத் தவிர்க்கவும், மாதிரிக்கு முன் சற்று நேரம் அதே அறையில் அமர்ந்திருக்கவும் சொல்வார்கள். காரணம் மேலே விளக்கப்பட்டதே. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணையும், மருத்துவச் சோதனையாக இருந்தால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் பதிவையும் கேட்டுப் பெறுங்கள். ஒப்புதல் படிவம் நீங்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. பணம் கேட்டால் அது ஆய்வன்று, விற்பனை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் தனிநபர் முடிவு நோயாளிக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. ஆகவே ஊதிக் கொடுத்தாகிவிட்டது என்று எண்ணி, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்கேனையோ மறுபார்வைத் தேதியையோ தள்ளிப்போட வேண்டாம்.